அக்காவைக் கேளுங்க: சாவி கொடுக்க மாமன் வரணுமாம்!

போன இதழ்ல ‘வெளிநாட்டுல இருந்துக்கிட்டு சொந்தக்காரங்க விசேஷத்துக்குப் போறது எப்படி’ன்னு சும்மா ஒரு வரி எழுதினேன், அவ்ளோதான், வந்து குவிஞ்ச கடிதத்துல பாதி அதே விஷயம். இந்தத் தடவை மத்த கேள்விகளை எல்லாம் ஓரமா வச்சிட்டு இதையே பாத்துடலாம். மாமியார் பிரச்னை எழுதினவங்க கோச்சுக்காதீங்க, அது எங்கயும் போயிடாது.

கேள்வி: அக்கா, எனக்குச் சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், வேலை மஸ்கட்ல. எங்க அக்காவ தென்னாப்பிரிக்கா டர்பன்ல இருக்குற தமிழ்க் குடும்பத்துல கட்டிக் கொடுத்திருக்கோம், மாப்பிள்ளை வீட்டுல அஞ்சு தலைமுறையா அங்கதான். அக்கா பொண்ணுக்கு டிசம்பர்ல 21 வயசு, பெரிய ஹால் எடுத்து பங்ஷன் வைக்கிறாங்க. ‘மாமா, நீங்கதான் எனக்கு சாவி தரணும், வராம இருக்கக் கூடாது’ன்னு பொண்ணே மெசேஜ் போட்டிருக்கா. என்ன சாவி, எதுக்கு சாவின்னு எனக்குப் புரியல. எட்டு வருஷம் முன்னாடி ஊர்ல வச்சு அவளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தப்போ நான் மஸ்கட் வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு, லீவு கிடைக்கல. தாய்மாமன் இடத்துல பெரியப்பா பையன்தான் நின்னான். அக்கா அன்னிக்கு அழுதத வீடியோவுல பாத்தேன், இன்னும் மறக்கல. இப்ப அந்தச் சீரை இங்க சேர்த்துச் செஞ்சிடலாமா? என் வீட்டுக்காரி ‘பொறந்தநாளுக்கா இவ்ளோ செலவு பண்ணிட்டுப் போவாங்க’ன்னு கேக்குறா. போகலாமா, வேணாமா? — பெயர் வேண்டாம், மஸ்கட்

பதில்: தம்பி, டிக்கெட்டைப் போடுங்க முதல்ல, மிச்சத்த அப்புறம் பேசிக்கலாம். டிசம்பர்னா இங்க தென்னாப்பிரிக்காவுல ஸ்கூல் லீவு, கோடை வேற, ஜோஹன்னஸ்பர்க்ல இருக்குற பாதி சனம் டர்பன் கடற்கரைக்கு இறங்கிடும், லேட் பண்ணினா சீட்டு விலையப் பாத்தே உங்க வீட்டுக்காரி சொன்னது சரின்னு தோணிடும்.

இப்ப சாவிக்கு வரேன். நானும் கும்பகோணத்துலேர்ந்து கல்யாணம் கட்டி இங்க வந்தவதான், 2001ல வந்தப்போ எனக்கும் இது ஒண்ணும் புரியல. இங்க 21ங்கறது பொண்ணுக்கும் உண்டு பையனுக்கும் உண்டு. நம்ம ஊர்ல பொண்ணு ‘வயசுக்கு வந்துட்டா’ன்னு செய்யறது ஒண்ணு, இங்க பிள்ளைக்கு ‘வயசு வந்துடுச்சு’ன்னு செய்யறது இன்னொண்ணு, ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது, இதுல உடம்பப் பத்தின பேச்சே வராது. இனிமே நீ பெரியவ, இந்த வீட்டுக் கதவை நீயே தொறந்துக்கலாம், ராத்திரி லேட்டா வந்தா யாரையும் எழுப்ப வேணாம், அதுக்குத்தான் சாவி. வெள்ளைக்காரன் பழக்கம்தான், 1860 நவம்பர்ல மெட்ராஸ்லேர்ந்து கரும்புத் தோட்டத்துக்கு முதல் கப்பல் வந்து இறங்கினதுலேர்ந்து நம்ம சனம் அவன் சட்டத்துக்குக் கீழதானே வாழ்ந்துச்சு, அப்படி ஒட்டிக்கிட்டது இது. சட்டத்துலயும் இங்க ரொம்ப நாளா 21தான் மேஜர் வயசு. 2007 ஜூலை 1லேர்ந்துதான் அதை 18 ஆக்கினாங்க. ஆனா சட்டம் மாறினா மாறட்டும்னு பார்ட்டி மட்டும் 21லயே நின்னுடுச்சு, இப்ப 18க்கும் ஒரு கேக், 21க்கு ஹாலு, டிஜே, எல்லாம்னு செலவு ரெண்டாச்சு. உங்க அக்கா வீட்டுக்காரர் வயசுக்காரங்களுக்கெல்லாம் 21ங்கறது நிஜமாவே கையெழுத்துப் போடுற உரிமை வந்த நாள், அதனால அவருக்கு இது வெறும் பொறந்தநாள் இல்லன்னு உங்க வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க.

நிஜ சாவின்னு நினைச்சுடாதீங்க. மரத்துல பண்ணி வார்னிஷ் அடிச்சது, முழங்கையிலேர்ந்து விரல் நுனி வரைக்கும் நீளம் இருக்கும், தலைப்பக்கம் 21னு செதுக்கியிருக்கும். சில பேரு வெள்ளி முலாம் போட்டதும் வாங்குறாங்க. வந்தவங்க எல்லாம் தங்கக் கலர் பேனாவுல அது மேல கையெழுத்துப் போடுவாங்க, அப்புறம் அது ஆயுசுக்கும் வீட்டு ஹால் சுவத்துல தொங்கும்.

எங்க வீட்டுலயும் ஒண்ணு தொங்குது, என் வீட்டுக்காரருக்கு 1989ல கொடுத்தது. அதுல இங்கிலீஷ் கையெழுத்துக்கு நடுவுல தமிழ்ல ஒரு கிறுக்கல், அவரோட ஆயா எழுதினது. ஆயா சின்ன வயசுல டர்பன் மேகசின் பேரக்ஸ்ல, அதான் முனிசிபாலிட்டி வேலைக்கு வந்த நம்ம தமிழ், தெலுங்கு சனத்தை அடைச்சு வச்சிருந்த லைன் வீடுங்க, அங்க கோயில் திண்ணையில எழுத்துப் படிச்சவங்க. 60கள்ல அந்த வீடுகளையும் காலி பண்ணச் சொல்லி எல்லாரையும் இந்தியருக்குன்னு ஒதுக்கின சாட்ஸ்வொர்த் ஏரியாவுக்கு அனுப்பிட்டாங்க, அதனால சாவி, கதவுன்னு பேச்சு வந்தாலே ஆயா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடும்னு இவர் சொல்லுவாரு. நான் கல்யாணம் ஆகி வந்த முதல் வாரம், சாவியக் கழட்டித் தூசி தட்டிட்டு இருக்கேன், ‘அது எங்க ஆயா பேரு, தமிழ்ல எழுதியிருக்காங்க’ன்னு பெருமையா சொல்றாரு. பாத்தா பேரு இல்ல. ‘நல்லா இரு’ன்னு எழுதியிருக்கு, கடைசி ‘ரு’வுக்கு எடம் பத்தாம சாவியோட பல்லு மேல ஏறி உக்காந்திருக்கு. பன்னெண்டு வருஷமா வீட்டுல அத்தனை பேரும் அதைப் பேருன்னு நினைச்சிட்டு இருந்திருக்காங்க, படிக்கத் தெரிஞ்ச ஆள் இல்ல. ஆயாவும் அதுக்குள்ள போய்ச் சேந்துட்டாங்க. என் வீட்டுக்காரர் அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பேசவே இல்ல. அதனாலதான் சொல்றேன், நீங்க போயி உங்க கையெழுத்தைத் தமிழ்லயே போடுங்க, கூடவே என்ன எழுதினீங்கன்னு வாயால சொல்லிட்டு வாங்க.

அடுத்தது சீர். இதுல நான் கொஞ்சம் கண்டிப்பாதான் சொல்லுவேன். விட்டுப்போன மஞ்சள் நீராட்டை 21ம் பொறந்தநாள் மேடையில ஏத்தாதீங்க. அவ யூனிவர்சிட்டி பிரெண்ட்ஸ் ஜூலு பொண்ணுங்க, வெள்ளைக்காரப் பிள்ளைங்க எல்லாம் உக்காந்திருப்பாங்க, மைக்ல எம்.சி ‘இது என்ன சடங்கு, விளக்குங்க’ன்னு கேப்பாரு, உங்க மருமகளுக்கு எங்க போயி மூஞ்சிய வச்சிக்கிறதுன்னு ஆயிடும். 13 வயசுல அவகிட்ட யாரும் கேட்டிருக்க மாட்டோம், இப்ப கேக்கலாமே. ஒரு போன் போட்டு ‘தட்டு எடுத்துட்டு வரவாடா, உனக்கு ஓகேவா’ன்னு அவகிட்டயே கேளுங்க.

எனக்குப் பட்டதச் சொல்லவா? அந்தச் சீரு பொண்ணுக்குப் பாக்கி இல்ல, உங்க அக்காவுக்குத்தான் பாக்கி. சம்பந்தி வீட்டு ஆளுங்க முன்னாடி ‘பொறந்த வீட்டுலேர்ந்து தம்பி வரல’ன்னு நின்னது அவங்கதானே. அதனால ரெண்டையும் பிரிச்சிடுங்க. பங்ஷன் அன்னிக்குக் காலைல வீட்டுல விளக்கேத்துவாங்க, இங்க அதுக்கு ‘பிரேயர்’னுதான் பேரு, அந்த நேரத்துல மாப்பிள்ளையோட அம்மா, நாத்தனார் எல்லாம் இருப்பாங்க. அப்ப ஒரு அஞ்சு தட்டு, ஏழு தட்டு, அக்காவுக்கு ஒரு பட்டு, பொண்ணுக்கு ஒரு பட்டு, மாப்பிள்ளைக்கு வேட்டி, உங்களால முடிஞ்ச ஒரு சின்ன நகை, முடிஞ்சுது. ஊர்ல மாதிரி 51 தட்டு, செண்டை மேளம், பிளெக்ஸ்ல மாமன் படம்லாம் வேணாம். சாயங்காலம் ஹால்ல சீர்ப் பேச்சே எடுக்காதீங்க, சாவியை மட்டும் கொடுங்க.

தட்டுல வைக்கிற பூ, பழம், வெத்தலை எதையும் பெட்டியில கட்டிட்டு வந்துடாதீங்க, பச்சையா எது கொண்டு வந்தாலும் இங்க பர்மிட் கேப்பாங்க, ஏர்போர்ட்லயே புடுங்கிடுவாங்க, என் சின்னம்மா கொண்டு வந்த மூணு முழம் மல்லிக்கு நடந்த கதி எனக்குத்தான் தெரியும், அவங்க அழுத அழுகைக்கு அந்த ஆபீஸர் பொண்ணே திஷ்யூ கொடுத்துச்சு. சாட்ஸ்வொர்த்ல பிரேயர் குட்ஸ் கடைன்னு கேட்டா சந்தனம், குங்குமம், கற்பூரம், பித்தளைத் தட்டு வரைக்கும் கிடைக்கும், தேங்காயும் இங்கயே வாங்கிக்கலாம், வாழைப்பழம் இந்த மண்ணுலயே விளையுது.

மேடையில உங்களைப் பேசச் சொல்லுவாங்க, தயாரா வாங்க. அப்பா ஒரு ஸ்பீச், பிரெண்ட் ஒரு ஸ்பீச், சின்ன வயசு போட்டோ எல்லாம் ஸ்கிரீன்ல ஓடும், அப்புறம்தான் சாவி. முழுக்க இங்கிலீஷ்தான் போகும், இங்க இருக்குற நம்ம பிள்ளைங்களுக்குத் தமிழ் காதுல கேட்ட பழக்கம் கோயில்லதான். உங்க இங்கிலீஷ் எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது, ரெண்டு வரி தமிழ்ல பேசுங்க, மருமகளே பக்கத்துல நின்னு சொல்லிடுவா. முன் வரிசையில உக்காந்திருக்குற கிழவிங்க கண்ணத் தொடைக்கிறத நீங்களே பாப்பீங்க.

விசா விஷயம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்க வர விசா வேணும். அக்காகிட்ட இன்விடேஷன் லெட்டர், அவங்க ஐ.டி காப்பி, வீட்டு அட்ரஸ் ப்ரூப் எல்லாம் இப்பவே வாங்கி மஸ்கட்லேர்ந்தே அப்ளை பண்ணுங்க. பாஸ்போர்ட்ல ரெண்டு பக்கம் சுத்தமா காலியா இருக்கணும், திரும்பிப் போற தேதிக்கு அப்புறமும் குறைஞ்சது 30 நாள் செல்லுபடி இருக்கணும். கடைசி வாரத்துல ‘அக்கா, பக்கம் இல்ல’ன்னு எனக்கு எழுதாதீங்க.

உங்க வீட்டுக்காரிய விட்டுட்டு வராதீங்க. மாமன் மட்டும் வந்து மாமி வரலன்னா அது இன்னொரு எட்டு வருஷத்துக்கு ஓடும்.

கேள்வி: ஜோஹன்னஸ்பர்க் மிட்ராண்ட்ல இருக்கோம், வந்து ஒரு வருஷம். கூட வேலை பாக்குற டர்பன்காரர் அவர் பையனோட 21ம் பங்ஷனுக்குக் கூப்பிட்டிருக்கார். நாங்க சைவம். என்ன கொடுக்கணும், என்ன போட்டுட்டுப் போகணும், ஒண்ணும் தெரியல.

பதில்: சாப்பாட்டுக்குப் பயப்படாதீங்க. டர்பன் விசேஷம்னா பிரியாணிதான், ஆம்பளைங்க வீட்டுப் பின்னாடி விறகடுப்பு மூட்டி அண்டா அண்டாவா ஆக்குவாங்க, அதுல மைசூர் பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டிருப்பாங்க, முதல் தடவை பாக்குறப்போ நம்ம ஊர்க்காரனுக்கு ‘இது பிரியாணியா’ன்னு தோணும், ரெண்டாவது தட்டுல வாய மூடிப்போம். கூட பருப்பு, தயிர்ல போட்ட வெள்ளரி, கேரட் சாலட். சைவ அண்டா தனியா இருக்கும், ஆனா முன்னாடியே சொல்லி வச்சிடுங்க. புரட்டாசி மாசத்துல பங்ஷன் வந்தா கேக்கவே வேணாம், நம்ம ஊர்ல பாதிப் பேரு மறந்துட்டாலும் இங்க நம்ம சனம் புரட்டாசிக்கு மாமிசம் தொட மாட்டாங்க, நிறைய வீட்டுல பார்ட்டிய அடுத்த மாசத்துக்கே தள்ளிடுவாங்க.

மொய் நோட்டு, மைக்ல பேரு வாசிக்கிறதெல்லாம் கிடையாது, ஒரு என்வலப்ல பணம் வச்சு கார்டோட கொடுத்தா போதும். டிரஸ் கோட் இன்விடேஷன்லயே போட்டிருக்கும், போடலன்னா புடவை கட்டுங்க, அன்னிக்கு ஹால்ல எல்லாரும் உங்ககிட்டதான் வந்து ‘எந்த ஊர்ல வாங்கினீங்க’ன்னு கேப்பாங்க. 6 மணின்னு போட்டிருந்தா ஏழரைக்குத்தான் ஆரம்பிப்பாங்க, அதுல மட்டும் நம்ம ரத்தம் மாறவே இல்ல.

கேள்வி: டர்பன் பக்கம் உம்லாங்கால இருக்கேன். மதுரைல என் அண்ணன் பொண்ணு வயசுக்கு வந்துட்டா. பன்னெண்டு நாள்ல மண்டபம் புக் பண்ணிட்டு ‘அத்தை நீ இல்லாம யாரு தண்ணி ஊத்துறது’ன்னு அண்ணன் சண்டை போடுறார். ஆபீஸ்ல லீவு இல்ல. நாலு வயசுப் பையனுக்கு இந்த நாட்டு பாஸ்போர்ட், என் வீட்டுக்காரர் வர முடியாது. அண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல.

பதில்: அண்ணன்கிட்ட சண்டைக்குப் போகாம ஒரு விஷயம் கேளுங்கம்மா. வீட்டோட செய்யிற தலைக்குத் தண்ணி ஊத்துறது வேற, மண்டபம் எடுத்துச் செய்யிறது வேற. முதல்லது நாள் பாத்து உடனே நடக்கணும், அதுக்கு உங்க சித்தி பொண்ணு, பெரியம்மா பொண்ணு யாராவது அத்தை முறையில நின்னு ஊத்தலாம். மண்டபத்து விசேஷத்தை மூணு மாசம், ஆறு மாசம் தள்ளி வைக்கிற வீடு எவ்வளவோ இருக்கு, பொண்ணுக்குப் பரீட்சை இருக்குன்னா தள்ளி வைக்கிறோம்ல, அத்தைக்கு லீவு இல்லன்னா தள்ளக் கூடாதா? அட்வான்ஸ் கொடுத்தாச்சு, தள்ள முடியாதுன்னு அவர் சொன்னா அதையும் ஏத்துக்கோங்க, மண்டபக்காரன் யாரு பேச்சக் கேட்டான்.

வீடியோ கால்ல பாக்குறதா இருந்தா, அங்க காலைல 9 மணி முகூர்த்தம்னா இங்க அஞ்சரை, நீங்க குளிச்சுப் புடவை கட்டி உக்காருங்க, நைட்டியில கேமரா முன்னாடி வந்துட்டு அப்புறம் அந்த வீடியோ அத்தனை வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்துச்சுன்னு அழாதீங்க, எனக்கு நடந்திருக்கு. போனைச் சின்னப் பையன் கையில கொடுக்கச் சொல்லாதீங்க, அவன் முழுக்க மின்விசிறியத்தான் காட்டுவான். அம்மாகிட்ட பணம் போட்டு உங்க பேர்ல மொய் எழுதச் சொல்லிடுங்க, 5,001ஓ 10,001ஓ, அந்த ஒரு ரூபாயை மறந்துடாதீங்க. புட்டு, உளுந்தங்களி, நல்லெண்ணெய் செலவு எல்லாம் அத்தை செலவுன்னு அண்ணிக்குத் தனியா அனுப்புங்க, இது அண்ணனுக்குத் தெரியிறதுக்கு முன்னாடி அண்ணிக்குத் தெரியணும், பாதிச் சண்டை அங்கயே முடிஞ்சிடும்.

போறதா முடிவு பண்ணினா பையன் விஷயம் முக்கியம். இந்த நாட்டுப் பிள்ளை அப்பா இல்லாம அம்மாகூட மட்டும் வெளிநாடு போனா அப்பா சம்மதிச்சு எழுதின அஃபிடவிட் வேணும், பிறப்புச் சான்றிதழ்ல அப்பா அம்மா ரெண்டு பேர் பேரும் இருக்கணும். பையனுக்கு இந்திய விசாவும் எடுக்கணும், இதை நிறைய பேரு மறந்துடுறாங்க, நம்ம பிள்ளைதானேன்னு.

கேள்வி: பேரன் 21க்கு என் மாமியார் திருச்சிலேர்ந்து டர்பன் வரணும், வயசு 74. அடிஸ் அபாபா வழியா டிக்கெட் குறைவா வருது. மஞ்சள் காய்ச்சல் ஊசி போடணும்னு பயமுறுத்துறாங்க.

பதில்: எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் இருக்குற நாடுங்க லிஸ்ட்ல இருக்கு, அதான். அங்க 12 மணி நேரத்துக்கு மேல டிரான்சிட் இருந்தா இங்க சர்டிபிகேட் கேப்பாங்க, திரும்பிப் போறப்போ இந்தியாவுலயும் நோண்டுவாங்க. சென்னைல கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல ஊசி போடுறாங்க, போட்ட பத்தாவது நாள்லேர்ந்துதான் கணக்கு, அப்புறம் ஆயுசுக்கும் செல்லும். ஆனா 60 தாண்டினவங்களுக்கு அந்த ஊசிய யோசிச்சுத்தான் போடணும், டாக்டரைக் கேக்காம கூட்டிட்டுப் போயிடாதீங்க. கொஞ்சம் காசு கூட ஆனாலும் துபாய் வழியா கூட்டிட்டு வந்துடுங்க, வீல்சேர் சொல்லிடுங்க, ஊசித் தொல்லையே இல்ல. 74 வயசுல அவங்க வரேன்னு சொல்றதே பெரிசு.

கேள்வி: சாவி எங்க வாங்குறது, எவ்ளோ பெரிசு வாங்கணும்?

பதில்: டர்பன்ல பார்ட்டி சாமான் கடையில எல்லாம் தொங்கும், மர வேலை தெரிஞ்ச மாமா யாராவது இருந்தா அவர்கிட்டயே பண்ணச் சொல்லுங்க, அதுதான் அழகு. 150 பேரு வர்றாங்கன்னா ரெண்டடியாவது இருக்கணும், இல்லன்னா கடைசியில வர்றவங்க முதுகுப் பக்கம் எழுத வேண்டி வரும். வார்னிஷ் நல்லாக் காஞ்சதுக்கு அப்புறம் எழுத விடுங்க. தங்கப் பேனா மூணு வாங்குங்க, ஒண்ணு காஞ்சிடும், இன்னொண்ண யாராவது பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவாங்க.